ஒரே மதிலை இரண்டு தடவை கட்டினேன்

மதில் கட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் கல் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். தாய்லாந்தில் மனைவியின் ஊரில் மதில் கட்டப் போன நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். 4,500 ஹாலோ பிளாக், ஒன்று 7 பாட், ஆக 31,500 பாட். அதோடு சிமென்ட், மணல், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, மனைவி அவ்வப்போது எடுத்துக் காட்டுவாள். கடைசியில் கேட் இல்லாமலேயே 3,20,000 பாட் ஆனது. கல்லுக்குப் போனது அதில் பத்தில் ஒரு பங்குதான். அப்புறம் ஆறே மாதத்தில் பின்பக்கச் சுவர் விழுந்ததும், அதைத் திரும்பக் கட்டியதும் தனிக்கணக்கு.

நான் வேலை பார்ப்பது ரயோங்கில், ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில். மனைவிக்குச் சொந்த ஊர் ரோய் எட் மாகாணம், சுவன்னபூம் வட்டம். பெயரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிப் பார்த்தால் சுவர்ணபூமிதான். பாங்காக் விமான நிலையத்துக்கும் அதே பெயர். இந்த வட்டாரம் முழுவதையும் ஈசான் என்பார்கள். நம் வாஸ்துக்காரர்கள் சொல்லும் ஈசானிய மூலைதான் அது, நாட்டின் வடகிழக்கு. பெயரைப் பார்த்துப் பொன் விளையும் பூமி என்று நினைத்துவிட வேண்டாம், இது துங் குலா ரோங் ஹாய் சமவெளி, குலா என்கிற வியாபாரிகள் கடக்க முடியாமல் உட்கார்ந்து அழுத வெளி என்று அர்த்தம். மணல் கலந்த மண், பல இடங்களில் உப்புப் பூத்துக் கிடக்கும். அந்த மண்ணில்தான் ஹோம் மாலி என்கிற மல்லிகை அரிசி விளைகிறது என்பது வேறு விஷயம்.

எங்கள் மனை ஒரு ராய், அதாவது 1,600 சதுர மீட்டர், நம் கணக்கில் 40 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 32 மீட்டர் முகப்பு, 50 மீட்டர் ஆழம். பத்திரம் மனைவி பெயரில். வெளிநாட்டுக்காரன் இங்கே நிலம் வைத்துக்கொள்ள முடியாது. பதிவு செய்த அன்று, நிலம் வாங்கிய பணம் முழுக்க அவளுடையது என்று நில அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆகவே என் மதில் என்று நான் சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

அது நெல்வயலாக இருந்த இடம். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதால் ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் அடித்தோம். 2021 பிப்ரவரியில் பத்துச் சக்கர லாரிகள் வரிசையாக வந்து கொட்டிவிட்டுப் போக, ஒரு பேக்ஹோ, மண் தோண்டும் இயந்திரம், அதை நிரவிவிட்டது. நாலு மூலையிலும் லக் கேட் என்று எல்லைக்கல் நட்டிருப்பார்கள். சிமென்ட் முளை, அதன் தலையில் ஓர் எண் இருக்கும், அந்த எண் சனோட் என்கிற பத்திரத்திலும் இருக்கும். சிவப்புக் கருடன் முத்திரை போட்ட சனோட்தான் இங்கே உறுதியான பத்திரம். அந்த நாலு கல்லையும் நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், பெரிய முன்யோசனைக்காரன் என்ற நினைப்பு. லாரிகள் போன பிறகு பார்த்தால் நாலில் மூன்று ஒரு மீட்டர் மண்ணுக்கடியில். படத்தில் கல் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று படத்துக்குத் தெரியாது.

யாராவது மண் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் செய்துவிடுங்கள்: ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கும் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பிவிசி குழாய் நட்டு, அடியில் ரெண்டு சட்டி கான்கிரீட் போட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். 500 பாட் வேலை. அதைச் செய்யாததால் நாங்கள் நில அலுவலகத்தில் மனுக் கொடுத்து, வரிசையில் காத்திருந்து, சர்வேயர் வந்து அளந்து காட்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அளக்கிற அன்று அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்குக் கடிதம் போகும், அவர்களும் வந்து நின்று எல்லை சரி என்று கையெழுத்துப் போடவேண்டும். ஒரு விதத்தில் அது நல்லதாகவே போயிற்று. மதில் கட்டிய பிறகு வரக்கூடிய தகராறு எல்லாம் மதில் கட்டுவதற்கு முன்பே, எல்லாரும் கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருக்கும்போதே பேசித் தீர்ந்துவிட்டது.

தகராறு என்று பார்த்தால் ஒரே ஒரு புளியமரம்தான். கிழக்குப் பக்கம் குடியிருக்கும் பெரியம்மாவின் மரம். நான் அவரைப் பா என்றுதான் கூப்பிடுவேன், தாய்லாந்து மொழியில் பெரியம்மா, பெரிய அத்தை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். கிழக்கே அவருடைய வீடு, எங்களுக்குப் பின்னால் வடக்கே கிடக்கும் வயலும் அவருடையதே. அளந்து பார்த்ததில் கோடு புளியமரத்தின் நடுவே போனது. அவருடைய தாத்தா வைத்த மரம். எல்லையில் நிற்கும் மரம் இரு தரப்புக்கும் பொது என்றுதான் இங்கே சட்டம். சட்டத்தை யார் கேட்டார்கள், மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சரி என்றேன், மதில் அந்த இடத்தில் ஐந்து மீட்டர் நீளத்துக்கு எங்கள் பக்கம் உள்வாங்கிப் போவதாக முடிவானது. மரத்துக்குப் பக்கத்தில் குழி எடுக்காமல், இரண்டு பக்கமும் தள்ளி அஸ்திவாரம் போட்டு, நடுவில் பீமைப் பாலம் மாதிரி தூக்கி வைத்தோம். வேர் இன்றுவரை தொந்தரவு செய்யவில்லை.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கிராமம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். பொதுப் பாதையை ஒட்டியோ, மதிலின் உயரத்தைவிடக் குறைந்த தூரத்திலோ கட்டினால், 1979ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அந்த மதிலும் ஒரு கட்டடம்தான். உயரம் சாலை மட்டத்திலிருந்து 3 மீட்டரைத் தாண்டக்கூடாது. நமக்குப் பஞ்சாயத்து மாதிரி இங்கே ஓ-போ-தோ. முகப்புப் பக்கத்துக்கு மட்டும் ஒரு வரைபடம், பத்திர நகல், மனைவியின் அடையாள அட்டை நகல் கொடுத்து வாங்கினோம். மற்றப் பக்கங்களுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

எவ்வளவு உயரம் என்பதில் வீட்டுக்குள்தான் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. எனக்குச் சுற்றிலும் இரண்டு மீட்டர் வேண்டும். தெருநாய்கள், எருமை, அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கும் தீ என்று என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் பிள்ளை, ஜெயிலா கட்டப் போறோம்?" என்றார். ஊரில் பாதி வீடுகளுக்குச் சுற்றுச் சுவரே கிடையாது, இருந்தாலும் இடுப்பளவுக்கு மேல் இருக்காது. கடைசியில் முகப்பில் ஒரு மீட்டர் சுவர், அதற்கு மேல் இரும்புக் கம்பி, மற்ற மூன்று பக்கமும் இரண்டு மீட்டர் என்று முடிந்தது.

மேஸ்திரி பக்கத்துக் கிராமத்துக்காரர். நல்ல வேலைக்காரர், வாய் சுத்தம், கை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். அவரை நவம்பரில் போய்ப் பார்த்தேன், அறுவடை முடியட்டும் என்றுவிட்டார். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் நடவு, நவம்பரில் அறுவடை, அந்த மாதங்களில் ஈசானில் கொத்தனார் என்று ஒருவர் கிடையாது, எல்லாரும் விவசாயிகள். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை வேறு. டிசம்பர் பாதியில் ஆரம்பித்து ஏப்ரல் 13 சோங்க்ரானுக்குள், அதாவது இங்கத்துப் புத்தாண்டுக்குள், முடித்தால்தான் உண்டு, அதற்கப்புறம் ஒரு வாரம் ஊரே தண்ணீரிலும் சாராயத்திலும் இருக்கும். கூலி ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொண்டு சாமான் எல்லாம் நானே வாங்கினேன், வேலை முடிந்த மீட்டருக்குத்தான் பணம். முன்பணம் கேட்கத்தான் செய்தார். கொடுக்காமல், முதல் பத்து மீட்டர் முடிந்த அன்றே அதற்கான காசைக் கையில் கொடுத்தேன், அப்புறம் அவர் கேட்கவேயில்லை.

தாய்லாந்து மொழியில் கைவினைஞருக்கு சாங் என்று பெயர். யானைக்கும் சாங். எனக்குத் தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்று, அவர்களுக்குக் குரல் ஏற்ற இறக்கத்தில் ரெண்டும் வேறு வேறு. நாளைக்கு எத்தனை யானை வரும் என்று நான் மூன்று மாதம் போனில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அவரும் முகம் மாறாமல் நாலு, ஐந்து என்று பதில் சொல்லியிருக்கிறார். போதாததற்குச் சிமென்ட்டிலும் யானை மார்க் உண்டு. அந்த வேடிக்கைக்கு நடுவே ஒரு நிஜமான விஷயமும் இருக்கிறது. யானை மார்க் போர்ட்லேண்ட் சிமென்ட், தூணுக்கும் பீமுக்கும். புலி மார்க், கல் கட்டவும் பூசவும் மட்டும். இரண்டும் ஒரே கம்பெனி, எஸ்சிஜி. புலி விலை குறைவு, குழைத்தால் வெண்ணெய் மாதிரி இழுபடும், அதனால் கொத்தனார்களுக்கு அதன்மேல் ஒரு பாசம். சைட்டில் புலி மூட்டை மட்டும் கிடந்தால் தூணுக்கும் அதையே போட்டுவிடுவார்கள். கான்கிரீட் போடும் அன்று நான் புலி மூட்டைகளை எல்லாம் தூக்கி மாமியாரின் கோழிக் கூண்டுக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.

கம்பியிலும் இப்படி ஒன்று உண்டு. கடையில் லெக் தெம் என்றால் முழுக் கம்பி, லெக் பாவ் என்றால் எடை குறைந்த கம்பி. இரண்டையும் 12 மில்லி என்றே சொல்லி விற்பார்கள், கேட்டால்தான் வித்தியாசத்தைச் சொல்வார்கள். 12 மில்லி கம்பி, 10 மீட்டர் நீளம், 8.88 கிலோ இருக்கவேண்டும். முதல் லோடு வந்து இறங்கிய அன்று வீட்டுக் குளியலறையில் இருந்த எடை மெஷினை வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் நான் ஏறி நின்று, மடித்து வந்த கம்பி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். ஏழரை கிலோ. லாரி டிரைவர், கொத்தனார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க, மூன்று கம்பியை அப்படி நிறுத்தேன். மூன்றும் ஏறக்குறைய அதே எடை. கடையில் சண்டை எதுவும் போடவில்லை, வித்தியாசப் பணத்தைக் கட்டி முழுக் கம்பியாக மாற்றிக்கொண்டேன். ஒரு மாதிரி அசட்டுக் காட்சிதான், ஆனால் அன்றையிலிருந்து எனக்கு வந்த சாமான் எதிலும் எடை குறையவில்லை.

முதல் தூணுக்கு மாமியார் விகாரையில் நாள் கேட்டு வந்தார். காலை 9 மணி 9 நிமிடம், ஒன்பது அவர்களுக்கு முன்னேற்றத்தின் எண். வாழைக்கன்றும் கரும்பும் கட்டி, சந்தனம் தொட்டு வைத்து, நம் ஊர்க் கடைக்கால் பூஜைக்கு ஒரு ஐயர் மட்டும்தான் குறைச்சல்.

சுவர் ஏற ஏற ஒரு காட்சி தினமும் நடந்தது. பா காலையில் ஒட்டரிசி அவித்தால் ஒரு சின்ன மூங்கில் கூடையில் போட்டு மாமியாருக்குக் கொண்டு வருவார், முப்பது வருஷப் பழக்கமாம். மூன்றாம் வரிசை எழும்பியபோது தாண்டி வந்தார். ஐந்தாம் வரிசையில் நின்ற இடத்திலிருந்தே நீட்டினார். எட்டாம் வரிசை முடிந்த மறுநாள், அடுக்கி வைத்திருந்த கல்லின் மேல் ஏறி நின்று, ஒரு கையால் புளியங்கிளையைப் பிடித்துக்கொண்டு, கூடையை உள்ளே இறக்கினார். மாமியார் அதை வாங்கி வைத்துவிட்டு நேராக மேஸ்திரியிடம் போய் ஏதோ சொன்னார். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அவர் சுத்தியலை எடுத்து, இரண்டு தூணுக்கு நடுவே இருந்த கல்லைத் தட்டி எடுக்க ஆரம்பித்திருந்தார். இப்போது அங்கே 80 செண்டிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன கதவு இருக்கிறது, பூட்டு கிடையாது, கொக்கி மட்டும். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை உள்ளவர்கள் இந்தக் கதவை வரைபடத்திலேயே போட்டுவிடுவது லாபம்.

இனி விழுந்த கதை.

பின்பக்கம் பாவின் வயல், எங்கள் மட்டத்தைவிட ஒரு மீட்டர் பள்ளம். கிழக்கே அவர் வீட்டு மனையும் மேடு, மேற்கே சந்து, தெற்கே ரோடு, ஆகவே மண் சரிந்து இறங்க வழியுள்ள ஒரே பக்கம் அதுதான். அங்கே நான் மதிலை எல்லைக் கோட்டின் மேலேயே கட்டச் சொன்னேன், ஒரு சாண் இடத்தையும் விட மனசில்லை. வயல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் சுவர். கீழே ஒரு மீட்டர் நாங்கள் அடித்த மண்ணைத் தாங்கி நிற்கும், மேலே இரண்டு மீட்டர் சும்மா நிற்கும். கீழ்ப்பகுதிக்கு மட்டும் இரட்டைக் கல் வைத்து ஓட்டையில் கான்கிரீட் ஊற்றிவிடலாம், தாங்கும் என்றார் மேஸ்திரி. நான் எஞ்சினியரிங் படித்தவன், தொழிற்சாலையில் ஒரு பிராக்கெட்டுக்கு எவ்வளவு வளைவு விசை வரும் என்று சம்பளத்துக்குக் கணக்குப் போடுகிறவன், சரி என்று தலையாட்டினேன்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அஸ்திவாரப் படுகை பக்கத்து நிலத்துக்குள் போகக்கூடாது, அதனால் தூணை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து, படுகை முழுவதையும் நம் பக்கமே நீட்டுவார்கள். இதற்கு இங்கே தீன் பெட் என்று பெயர், வாத்துக் கால். சமமான கெட்டி மண்ணில், வெறும் சுவருக்கு அது போதும். ஈர வயல் மண்ணில் வைத்து, உள்ளேயிருந்து ஒரு மீட்டர் மண்ணையும் தள்ளவிட்டால், பாரம் எல்லாம் வெளி ஓரத்தில்தான் இறங்கும். வாத்து முன்பக்கமாகக் குப்புற விழும். தண்ணீர் வெளியேற நான் வைத்திருந்த துளை மொத்தம் எத்தனை தெரியுமா? பூஜ்யம். பாம்பு வரும் என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

2022 செப்டம்பர் 29, நோரு புயல் வியட்நாமில் கரையேறி வலுக்குறைந்து ஈசானுக்குள் வந்த நாள். அதற்கு முன்பே மாதம் முழுக்க மழை, மண் ஊறிப் போயிருந்தது. இரவு மூன்று மணி இருக்கும், ஒரு லாரி ஜல்லியை ஒரே மூச்சில் கொட்டின மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மழைச் சத்தம் மட்டும். டார்ச் அடித்துப் பார்த்தோம். தூணுக்குத் தூண் ஒன்றாக ஆறு கட்டம், 15 மீட்டர், தூணோடு சேர்ந்து கதவு சாத்திய மாதிரி வயலுக்குள் படுத்திருந்தது. தூண் எதுவும் ஒடியவில்லை, என் முழுக் கம்பி முழுசாகத்தான் இருந்தது. வாத்துக் கால்கள் மட்டும் அடியோடு பெயர்ந்து வானத்தைப் பார்த்து நின்றன.

காலையில் பா வந்து பார்த்தார். நெல் பொதி கட்டுகிற நேரம். நான் நஷ்ட ஈடு என்று ஆரம்பித்தேன், ஊர்த் தலைவரும் வந்து நின்றார், பூ யாய் பான் என்பார்கள் அவரை. கணக்குப் பார்த்தால் சுவர் அமுக்கியது 45 சதுர மீட்டர், இந்தப் பக்க விளைச்சலுக்கு அது பத்துப் பதினைந்து கிலோ நெல்கூட வராது. பணம் வேண்டாம் என்றுவிட்டார் பா. அவர் கேட்டது இரண்டு. ஒன்று, அறுவடை மெஷின் வருவதற்குள் வயலில் ஒரு துண்டு கல்லோ கம்பியோ இருக்கக்கூடாது. இன்னொன்று, மேற்குச் சந்திலிருந்து அவர் வயலுக்கு வரும் தண்ணீர். நாங்கள் மண் அடித்ததில் பழைய வாய்க்கால் ஒன்று மூடிப் போயிருந்ததாம், ஒன்றரை வருஷமாக அவர் அதைச் சொல்லவே இல்லை. 2000ஆம் ஆண்டு வந்த மண் தோண்டல், மண் அடித்தல் சட்டப்படி, பக்கத்து நிலத்தைவிட உயர்த்தி மண் அடிப்பவன் 2,000 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் அக்கம்பக்கம் பாதிக்காதபடி வடிகால் செய்து கொடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும், பைலில் நகல்கூட வைத்திருந்தேன். எங்கள் மழைத்தண்ணீர் வெளியே போவதற்கு வழி செய்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன், வெளித் தண்ணீர் எங்கள் இடத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்று தோன்றவேயில்லை. மண் அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மழைக்காலம் அந்த இடத்தில் குடை பிடித்து நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நவம்பரில் வயல் காய்ந்ததும் நான், மனைவி, மைத்துனர் மூன்று பேரும் வரிசையாகக் குனிந்து, நெல்லுக்கு நடுவே கையால் துழாவிக் கல் துண்டு பொறுக்கினோம். மூன்று நாள். அறுவடை மெஷின் டிரைவர் எங்களை நம்பாமல் தானே இறங்கி ஒரு தடவை நடந்து பார்த்தார். இரண்டு துண்டு கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார்.

திரும்பக் கட்டும்போது இரண்டு வழி இருந்தது. பள்ளம் தோண்டிப் பெரிய கம்பிக் கட்டோடு முறையான தாங்கு சுவர் கட்டுவது ஒன்று; கேட்ட விலையில் முதல் மதிலையே முழுக்கக் கட்டிவிடலாம். இன்னொன்று, நான் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது: மதிலை ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி வைத்து, எல்லை வரை மண்ணைச் சரிவாக இறக்கிவிடுவது. அப்போது சுவருக்கு மண்ணைத் தாங்கும் வேலையே இல்லை. மனைவி கால்குலேட்டரை எடுத்தாள். 32 பெருக்கல் ஒன்றரை, 48 சதுர மீட்டர், இங்கத்து நிலக் கணக்கில் 12 தலாங் வா போகிறது என்றாள். போகட்டும் என்றேன். மிச்சம் நின்ற பின்பக்கச் சுவரையும் நாங்களே இடித்தோம், அதுவும் சாய ஆரம்பித்திருந்தது.

2023 ஜனவரியில் அதே மேஸ்திரி. அவரைத்தான் கூப்பிட்டேன், விழுந்ததில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு. இந்தத் தடவை ஒவ்வொரு தூணுக்கும் அடியில் மூன்று மீட்டர் நீளமுள்ள அறுகோணச் சிமென்ட் முளை. பேக்ஹோவின் வாளியை அதன் தலையில் வைத்து அமுக்கினால் அடித்த மண்ணைத் தாண்டிப் பழைய வயல் மண்ணுக்குள் இறங்கும். சரிவுக்கு மேலே நிற்கிற சுவருக்கு முளை இல்லாமல் கட்டாதீர்கள். 20 மீட்டருக்கு ஒரு இடத்தில் இரட்டைத் தூண் வைத்து நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டோம், முதல் தடவை அது இல்லாமல் பக்கச் சுவர்களில் பூச்சு வெடித்திருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் ஒரு தண்ணீர்த் துளை, பாம்புக்குப் பயந்து அதற்கு ஒரு வலை. மூடிப்போன வாய்க்காலுக்குப் பதிலாக மேற்குப் பக்கச் சுவருக்கு அடியில் 30 செண்டிமீட்டர் சிமென்ட் குழாய் போட்டு, பின் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். எல்லாம் சேர்த்து 96,000 பாட்.

மதிலுக்கு வெளியே நம் இடம் கிடப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் அடுத்தவர் நிலத்தைத் தனதாகவே நினைத்து, வெளிப்படையாக, சண்டை சச்சரவு இல்லாமல் பத்து வருஷம் வைத்திருந்தால் உரிமை கேட்கலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. பா அப்படிச் செய்ய மாட்டார், அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரோ. ஆகவே எல்லைக்கல் இரண்டையும் வெளியே தெரியும்படி வைத்து, சிவப்பு பெயின்ட் அடித்து, வருஷம் ஒரு தடவை நாங்கள் அங்கே போய்ப் புல் வெட்டுகிறோம்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. சுற்றிலும் மூடுவதற்கு முன்னால் போர்வெல் லாரியை உள்ளே வரவைத்து வேலையை முடித்துவிடுங்கள், அது எல்லா கேட்டுக்குள்ளும் நுழையாது. கேட் நாலு மீட்டர் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். கிராமத்துச் சாலை குறுகல், லாரி திரும்பி நுழையவேண்டும், நான் ஐந்து வைத்தேன், அதுவே இடிக்கிறது. மார்ச் வெயிலில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைக் கொத்தனார் கையில் விடாதீர்கள், மாமியார் காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக்கொண்டு மிளகாய்ச் செடிக்கு ஊற்றுகிற அக்கறையோடு ஊற்றினார். உப்பு மண் என்றால் அடி பீமுக்குத் தார் பூசி, கீழ் வரிசைக் கல்லில் மண் படாமல் வையுங்கள், முதல் வருஷம் பெயின்ட் அடிக்காதீர்கள். நாங்கள் அடித்தோம், ஒரு மழைக்காலம் முடிந்ததும் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரி பொருமி, தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது.

சரிவில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஊர்த் தலைவர்தான் யா ஃபேக் வைக்கச் சொன்னார். மண் அரிக்காமல் இருக்க மன்னர் பூமிபோல் 1991இலிருந்தே ஊர் ஊராகப் பரப்பிய புல், நில மேம்பாட்டுத் துறையில் கேட்டால் கன்று இலவசமாகவே தருவார்கள் என்றார். வேர் பக்கவாட்டில் போகாமல் நேராக ஆள் உயரத்துக்கும் கீழே இறங்குமாம். மே மாத முதல் மழைக்கு, கன்றுக்குக் கன்று ஒரு விரல் நீளம் இடைவெளி விட்டு, சரிவுக்குக் குறுக்கே இரண்டு வரிசை நட்டோம். ஒரு கன்று உடைந்து வேர் தனியாக வந்தது, கசக்கி மோந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நம் வெட்டிவேர். ஆங்கிலத்தில் இதற்குப் போட்டிருக்கும் பெயரே தமிழிலிருந்து போனதுதான், எனக்குத்தான் ஆளைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை. வேரைத்தான் பானையிலும் விசிறியிலும் பார்த்திருக்கிறேன், புல்லாக நின்று பார்த்ததே இல்லை.

இப்போது அது இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டது. போன இரண்டு மழைக்காலத்திலும் சரிவு ஒரு கூடை மண்கூட இறங்கவில்லை. பா தனக்குத் தோன்றும்போது வந்து மேல் தாளை அறுத்துக்கொண்டு போய் மிளகாய்ப் பாத்தியில் மூடாக்குப் போடுகிறார். போன மாதம் வீடியோ காலில் அம்மாவிடம் மதிலைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்து, பின்பக்கம் போனதும் வெட்டிவேரையும் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டா, கல்லையும் மண்ணையும் உள்ள வச்சுக்கிட்டு வெட்டிவேரைக் கொண்டுபோயி வெளிய வச்சிருக்கே?" என்றார்.